பாஸ்தாவுக்குத் தம் போட்ட கதை

திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்தச் சாப்பாட்டைக் கண்டாலும் அதைப் பிரியாணியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட மாட்டோம். கல்யாணம் என்று யாராவது சொன்னால், மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால், சீரகச் சம்பாவா பாசுமதியா என்றுதான் கேட்போம். (பாசுமதி என்று பதில் வந்தால் அந்தச் சம்பந்தத்தின் மேலேயே லேசாகச் சந்தேகம் வந்துவிடும்.) எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிப்போன நிலையில் இருந்தது. அது எவ்வளவு முற்றியிருந்தது என்பதை ஒரு புதன்கிழமை சாயங்காலம் தெரிந்துகொண்டேன்.

அப்போது என் மகள் யாழினி நாலாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து பழனி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கு அவளை மாற்றியிருந்தோம். பெரிய கட்டடம், பெரிய மைதானம், பெரிய பை. பேசுவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. சாப்பாட்டு டப்பா தினமும் பாதி மிச்சமாகத் திரும்பி வந்தது. குழம்பு பிடிக்கவில்லையா, பொரியல் பிடிக்கவில்லையா என்று மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒரு நாள் சொன்னாள்: "தனியா உக்காந்து சாப்பிட்டா பசிக்க மாட்டேங்குதும்மா."

நூல் மில் ஆபீசில் நான் நாள் முழுக்கக் கத்தாத ஆள் கிடையாது. என் வயிற்றில் பிறந்தது வாயில்லாப் பூச்சியாக ஒரு மூலையில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிடுகிறதே என்று வேதனையாக இருந்தது.

அப்புறம் ஷிஃபா வந்தாள். துபாயில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்கே, அதுவும் பிரியாணிக்குப் பேர்போன பேகம்பூருக்கு, திரும்பி வந்த பெண். யாழினி பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் அங்கே உட்கார வைத்தார்கள். ஒரே வாரத்தில் டப்பா காலியாக வர ஆரம்பித்தது. அந்தப் பெண் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு திங்கட்கிழமை யாழினி என் முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்து நின்றாள்.

"அம்மா, நாளக்கழிச்சு ஷிஃபா நம்ம வீட்டுக்கு ராத்திரி சாப்பிட வாரா."

"வரட்டும்டி. தோசை சுட்டுருவோம்."

"தோசை இல்லம்மா. பாஸ்தா."

"பாஸ்தாவா?"

"நம்ம வீட்ல புதன்கிழமைன்னா பாஸ்தான்னு சொல்லிட்டேன்."

"எந்த வீட்ல?"

"நம்ம வீட்லதாம்மா."

"எந்தப் புதன்கிழமை?"

"எல்லாப் புதன்கிழமையும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் புதன்கிழமை என்றால் முந்தின நாள் மாவில் ஊத்தப்பம். இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், குற்றவாளி என் கையிலேயே இருந்தது: என் போன். மில்லில் இருந்து வந்ததும் கட்டிலில் சாய்ந்து சமையல் வீடியோ பார்ப்பது என் வழக்கம். அதிலும் எனக்குப் பிடித்தது, வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரே சட்டிச் சமையல். பதினைந்தே நிமிடத்தில் பாலாடையும் சீஸும் நூல் நூலாக வழிய வழிய ஒரு பாஸ்தா. யாழினியும் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பாள். நான் அதை அரை மணி நேரம் பார்ப்பேன். அப்புறம் எழுந்து போய் உப்புமா கிண்டுவேன்.

"துபாய்ல அவங்க வீட்ல அடிக்கடி பாஸ்தாதானாம்மா. அவ சொன்னா. அதான் நானும் சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் கட்ட என்னைப் பார்த்தாள். "பொய்னு தெரிஞ்சா எங்கூடப் பேச மாட்டாம்மா."

பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்கு ஒரு பாடம் எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பாடத்தின் முடிவில் என் மகள் மறுபடியும் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். "செஞ்சுருவோம்டி, இது என்ன பெரிய விசயம்" என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் பேட்டரி கடை வைத்திருக்கிறார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் உடனடித் தீர்வு ஒன்று இருக்கும், அது பெரும்பாலும் வாங்கிக்கொண்டு வருவதாக இருக்கும்.

"எதுக்கு இம்புட்டு பாடு? பேசாம நாலு பிரியாணி வாங்கிட்டு வாரேன்."

"பேகம்பூர்க்காரப் புள்ளைக்குக் கடையில வாங்குன பிரியாணியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறீங்களா?"

அவர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை மில்லில் இருந்து வரும் வழியில் பாஸ்தா பாக்கெட்டும் வெண்ணெயும் சீஸும் வாங்கி வந்தேன். பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டியதும் நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். மரியாதையாகச் சமைக்காமல் ஆராய்ச்சியில் இறங்கியதுதான் முதல் தப்பு. வீடியோவில் பார்ப்பது வேறு, கையில் எடுத்துப் பார்ப்பது வேறு. குட்டைக் குழாய்கள், இரண்டு முனையும் சாய்வாக வெட்டியிருந்தது. மேலே கோடு கோடாக வரி. இந்த வரி எதற்கு? நடுவில் ஓட்டை எதற்கு? யாழினி ஒன்றைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தாள். நானும் ஒன்றை வைத்து அவளைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உள்ள ஒயர் இழுக்கலாம் போல இருக்கே" என்றார்.

வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அதில் ஒரு பிரச்சினை உண்டு. முகமே தெரியாது, இரண்டு கை மட்டும் வரும், பாட்டு ஓடும், எல்லாம் படபடவென்று நடக்கும். தண்ணீர் எவ்வளவு, எத்தனை விசில், எதுவும் சொல்லாது. விசில் கணக்குச் சொல்லாத சமையலை ஒரு மனுஷி எப்படி நம்புவது? அப்போதுதான் எனக்குள் அந்த வியாதி வேலை செய்யத் தொடங்கியது. ஒரே சட்டியில், மசாலாவோடு, பதத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வடிக்காமல் வேக வைக்கும் எதுவாக இருந்தாலும் அது பிரியாணியின் பங்காளிதானே? பங்காளிக்கு ஒரு நியாயம், பிரியாணிக்கு ஒரு நியாயமா?

ஆகவே, முதல் வேலையாகப் பாஸ்தாவை நன்றாகக் கழுவினேன்.

தண்ணீர் வெள்ளையாக வந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரியே இருந்தது. (என் கொள்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?) தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் விடாமல் கழுவி, சீரகச் சம்பாவுக்கு வைப்பது போல அரை மணி நேரம் ஊற வைத்தேன். ஊறும் நேரத்தில் பூண்டு உரித்தேன், சின்ன வெங்காயம் உரித்தேன், இடையிடையே மூடியைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு பருத்துக்கொண்டே வந்தன. 'அடடா, என்னமா நீளுது' என்று பூரித்துப் போனேன். சீரகச் சம்பா இப்படி நீண்டு நான் பார்த்ததில்லை.

ஒரே சட்டி என்றால் எங்கள் வீட்டில் குக்கர்தான். வெண்ணெயைப் போட்டுப் பூண்டையும் வெங்காயத்தையும் வதக்கினேன். பிரிஞ்சி இலையின் பக்கம் தன்னால் போன கையை இழுத்துப் பிடித்தேன். ஒரு பங்கு பாஸ்தாவுக்கு இரண்டு பங்கு பால், மேலே இரண்டு நாளாகச் சேர்த்த பாலாடை, உப்பு, மிளகு, பிய்த்துப் போட்ட சீஸ். மூடி, வெயிட்டைப் போட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தேன்.

விசில் வரவில்லை. முதலில் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் குக்கர் லேசாக ஆடியது. அதற்கப்புறம் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு பால் ஒரு ஊற்றாகப் பீய்ச்சி அடித்தது பாருங்கள்! அடுப்பு, சுவர், என் கண்ணாடி, எல்லாவற்றையும் தாண்டி, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரின் பழனி முருகன் மேல் போய் விழுந்தது. அலறிக்கொண்டு அடுப்பை அணைத்தேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பழனிக்குப் போகாமலேயே பாலாபிஷேகம் முடிச்சுட்டியே" என்றார்.

"வாயப் பொத்திக்கிட்டு அந்தத் துணியை எடுங்க!"

குக்கர் அடங்கியதும் பயந்து பயந்து திறந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், உள்ளே நிலவரம் மோசமில்லை. கொழகொழவென்று பால் தளும்பிக்கொண்டு, வெண்ணெய் வாசனையோடு, கிட்டத்தட்ட வீடியோவில் பார்த்தது மாதிரியே இருந்தது. அந்த நிமிடமே கிண்ணத்தில் ஊற்றிப் பரிமாறியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஆனால் விருந்தாளி இன்னும் வரவில்லை. அது மட்டுமில்லை, தண்ணீராக இருக்கும் பிரியாணியை எந்தத் திண்டுக்கல்காரி இறக்குவாள்? மிச்ச ஈரத்தைத் தம் பார்த்துக்கொள்ளும்!

அடியில் தோசைக்கல்லை வைத்தேன். அடுப்பைச் சிறுதீயில் எரிய விட்டேன். குக்கரைத் தட்டால் மூடி, அதன் மேல் ஒரு செம்பு நிறையக் கொதிக்கிற தண்ணீரை வைத்தேன். செத்த நேரத்தில் வருவதாகச் சொன்ன ஷிஃபா ஆட்டோ கிடைக்காமல் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். அதுவரைக்கும் தம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மட்டும் இந்தத் தடவை மூடியைத் திறந்து பார்க்கவில்லை. (தம்மைத் திறந்து பார்ப்பது பாவம். எப்போது ஆர்வம் வேண்டுமோ அப்போது அது வராது, அதுதான் என் ராசி.)

ஷிஃபா மட்டும் வருவாள் என்று நினைத்திருந்தேன். கூட அவளுடைய அம்மா நூருன்னிசாவும் வந்திருந்தார். என்னைவிடச் சின்னவர், சிரித்த முகம். "விட்டுட்டுப் போயிரலாம்னுதான் வந்தேங்கா" என்றவரை யாழினி கையைப் பிடித்து இழுத்துச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்துவிட்டாள். பேகம்பூரில் தலைமுறை தலைமுறையாகப் பிரியாணி போடுகிற வீட்டுப் பெண். துபாய் வரைக்கும் போய் வந்தவர்.

மேஜைக்கு நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்து, குக்கரைக் கொண்டுவந்து மூடியைத் திறந்து சாய்த்தேன்.

ஒன்றும் விழவில்லை.

இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். அப்புறம் கவிழ்த்தே பிடித்தேன். வீட்டுக்காரர் உதவிக்கு வந்து குக்கரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். 'தொப்'பென்று ஒரு சத்தத்தோடு மொத்தமும் ஒரே துண்டாகத் தட்டில் இறங்கி நின்றது. குக்கரின் வடிவத்தில், வட்டமாக, உயரமாக, மேலே அடிப்பிடித்த பழுப்பு நிறத்தோடு. குழாய் எங்கே, ஓட்டை எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

யாழினியின் முகத்தைப் பார்த்தேன். அவளும்தானே வீடியோ பார்த்திருக்கிறாள். இது அது இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? கீழ் உதடு நடுங்கியது. மறுபடியும் அந்த மூலை, தனியாகத் தயிர் சாதம் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்கு அப்படியே புரிந்தது. இத்தனை நாள் பிரியாணி ஆக்கியதற்கு என் கையை நானே வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர், "சரி, இதுக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டார்.

(வானமே இடிந்து விழுந்தாலும் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கும் ஜாதி அது.) கேட்டதோடு நிற்காமல், நத்தத்து மாங்காயில் போட்ட ஊறுகாய் ஜாடியையும் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார்.

ஷிஃபா அந்தக் கட்டியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தாள், குனிந்து மறுபக்கம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்:

"ஆண்ட்டி, எங்க வீட்லயும் இப்படித்தான். வெட்டித்தான் வைப்பாங்க."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். நூருன்னிசாவுக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் தட்டைப் பார்த்தாள். அப்புறம் அவர் யாழினியின் நடுங்கும் உதட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார்:

"ஆமாக்கா. நாங்க மட்டும் காரம் கொஞ்சம் தூக்கலாப் போடுவோம்."

யாழினி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. ஓடிப் போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். துண்டு துண்டாக வெட்டி, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டோம். ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், பால் கொழுக்கட்டைக்கும் உப்புமாவுக்கும் பிறந்தது மாதிரி இருந்தது. ஆனால் அந்த அடிப்பிடித்த மேல் தோல் இருக்கிறதே, அது வெண்ணெயில் முறுகி, சீஸ் கருகி, அப்படி ஒரு வாசனை. அதற்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டாவது துண்டு கேட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிட்டார்கள். நூருன்னிசா தட்டுகளை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தார். பால் வழிந்த சுவரையும் நனைந்த காலண்டரையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"பாஸ்தாங்கிறது எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். "நீங்கதானே துபாய்ல அடிக்கடி செய்வீங்கன்னு..."

"நானா? அங்கேயும் நான் ஆக்குனது சோறும் ஆணமுந்தாங்கா, நீங்க கொழம்புங்கிறீங்களே, அது. அந்தப் பாக்கெட்டக் கடையில பாத்ததோட சரி. இங்க ஸ்கூலுக்கு வந்த அன்னைக்கே, துபாய்ல என்ன சாப்பிடுவன்னு கேட்டிருக்காங்க. இவ சோறுன்னு சொல்லவும் எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. அதுக்கப்புறந்தான் இவ இப்படி அவிழ்த்து விட ஆரம்பிச்சிருக்கான்னு இன்னைக்கித்தாங்கா எனக்கே தெரியுது."

நானும் எங்கள் புதன்கிழமைகளின் உண்மையைச் சொன்னேன். கழுவியதையும் ஊற வைத்ததையும் தம் போட்டதையும் சொன்னேன். தம் என்ற சொல்லைக் கேட்டதும் நூருன்னிசா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. மாடிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றைக்குத்தான் பழகினோம் என்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சிரித்து முடித்ததும்தான் விபரீதம் உறைத்தது. இரண்டு பிள்ளைகளும் ஒன்றை ஒன்று நம்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு பொய்யை உடைத்தால் இன்னொன்றும் உடையும்.

"சொல்ல வேணாங்கா" என்றார் நூருன்னிசா. "ரெண்டுக்கும் இப்பத்தான் ஒரு தொணை கெடச்சிருக்கு. ஊற வைக்கிறது எவ்வளவு நேரம்னு மட்டும் சரியாச் சொல்லுங்க. அடுத்த வாரம் எங்க வீட்ல செய்யணுமில்ல?"

இப்படித்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி, அதே தப்போடு செய்ய வேண்டும். ஒரு புதன்கிழமை எங்கள் வீடு, மறு புதன்கிழமை அவர்கள் வீடு. நூருன்னிசா அதில் புதினாவும் பச்சை மிளகாயும் சேர்த்து, என்னைவிடக் கெட்டியாக, செங்கல் மாதிரி இறக்குவார். பெருநாளைக்கு அவர்கள் வீட்டிலிருந்து பிரியாணி வரும்போது கூடவே ஒரு டப்பாவில் வெட்டிய பாஸ்தாவும் வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசத்தோடு பாஸ்தா போகும். எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் இது தெரியும். வீட்டில் யார் எந்த வேலையில் அவசரப்பட்டாலும், "இரு, இன்னும் ஊறல" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அதில் என்ன சிரிப்பு என்று புரியாது.

இப்போது யாழினியும் ஷிஃபாவும் கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே அறையில் இருக்கிறார்கள். போன வாரம் சாயங்காலம் யாழினி போனில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தம்.

"அம்மா, ஒரு பெரிய கடைக்குச் சாப்பிட வந்தோம்மா. பாஸ்தா சொன்னோம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லம்மா, தனித்தனியா மெதக்குது. கத்தி கேட்டா ஒரு மாதிரி பாக்குறாங்க. வெஞ்சனமும் ஒண்ணும் கிடையாதாம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வீடியோல அப்படிக் காட்டுறதெல்லாம் சும்மா படத்துக்குன்னுல்ல நெனச்சோம்? நெசமாவே அப்படித்தாம்மா குடுக்குறாங்க!"

"சரி விடுத்தா. பேசாம சாப்பிட்டுட்டு வாங்க."

"ஷிஃபா விடுவாளா? மேனேஜரக் கூப்பிட்டு, கழுவுறதுல இருந்து தம் போடுற வரைக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. அவரும் தலையத் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

போனை வைத்ததும் நூருன்னிசாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "இனிமேலாவது உண்மையச் சொல்லிருவோமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாங்கா" என்றார் நூருன்னிசா. "அந்த மேனேஜரு பாவம், இந்நேரம் ஊறப் போட்டிருப்பாரு."